சாவி மீட்டர் பாக்ஸ்ல இருக்கு: ஏஐகிட்ட பேசியே ஆப் கட்டின கதை

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



கொஞ்ச நாளாவே உங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பிட்டு இருக்கீங்க. "எனக்கு கோடிங் தெரியாது. ஏஐகிட்ட பேசியே ஒரு வெப் ஆப் கட்டிட முடியுமா?"

முடியும். நானே கட்டியிருக்கேன். ஒரே சாயங்காலத்துல கட்டினேன். ஆனா அதோட நிறுத்திட்டா உங்களுக்குப் பாதி கதைதான் சொன்ன மாதிரி ஆகும். மீதிப் பாதியில நான் கொஞ்சம் அசிங்கப்பட்டிருக்கேன். இன்னிக்கு அதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

முதல்ல, இது என்ன?

லவபிள், போல்ட், ரெப்லிட், வெர்செலோட வி-ஸீரோ, இந்தப் பேரெல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க. எல்லாமே கிட்டத்தட்ட ஒரே ஐடியா. ஸ்க்ரீன்ல ஒரு பக்கம் சாட் பாக்ஸ், இன்னொரு பக்கம் உங்க ஆப். "எனக்கு இப்படி ஒண்ணு வேணும்"னு டைப் பண்ணா அது கோடு எழுதி, ஓட்டிக் காட்டும். "பட்டன் பச்சையா வேணும்"னா பச்சையாக்கும். "லாகின் வேணும்"னா லாகின் வைக்கும். பிடிச்சிருந்தா பப்ளிஷ் அமுக்குங்க, லிங்க் கையில வந்துடும்.

இது ஒரே நாள்ல வந்து குதிச்சதில்ல. 2023ல ஸ்டாக்ஹோம்ல ஆன்டன் ஓசிகா 'ஜிபிடி எஞ்சினியர்'னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் வெளியிட்டார். லவபிள் அதோட தொடர்ச்சிதான். அப்புறம் 2025 பிப்ரவரியில ஓபன்ஏஐ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஆந்த்ரே கர்பாத்தி இதுக்கு ஒரு பேர் வெச்சார், 'வைப் கோடிங்'. கோடுன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டு, பேசிப் பேசியே வேலையை முடிக்கிறது. அந்த வருஷமே காலின்ஸ் டிக்ஷனரி அதை வருஷத்தோட சொல்லா அறிவிச்சாங்க. அவ்வளவு வேகமா பரவிடுச்சு.

கோடு இருக்கிறதை மறந்துடறது நல்லாத்தான் இருக்கும். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு புதன்கிழமை வரைக்கும்.

சித்தியோட சாப்பாட்டு நோட்டு

என் சித்தி குரோம்பேட்டையில வீட்டுச் சாப்பாடு செஞ்சு குடுக்கறாங்க. மதியம் மட்டும்தான். கிட்டத்தட்ட 60 பேர். பாதி பேர் வேலைக்குப் போறவங்க. மீதி பேர் வயசானவங்க, பசங்க வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ இருப்பாங்க. ரெண்டு தம்பிங்க பைக்ல கொண்டு போய்க் குடுப்பாங்க.

ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்ல வரும். ராத்திரி 9 மணிக்குள்ள "நாளைக்கு வேணும்", "நாளைக்கு வேண்டாம்"னு மெசேஜ். சித்தி உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்து நோட்டுல எழுதுவாங்க. குட் மார்னிங் படத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவுல ரெண்டு "வேண்டாம்" மிஸ் ஆகிடும். அடுத்த நாள் ரெண்டு சாப்பாடு மிச்சம்.

"இதுக்கு நான் ஒரு ஆப் பண்ணித் தரேன் சித்தி"ன்னு சொன்னேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு உக்காந்தேன். எந்தப் பில்டர்னு கேக்காதீங்க, இந்தக் கதைக்கு அது முக்கியமில்ல. தங்லீஷ்லதான் டைப் பண்ணேன். கஸ்டமர் லிங்க்கைத் திறந்தா ரெண்டே பட்டன் இருக்கணும். சித்தி திறந்தா நாளைக்கு மொத்தம் எத்தனைன்னு தெரியணும். தம்பிங்க திறந்தா அட்ரஸ் லிஸ்ட் வரணும்.

ஒன்பதரைக்கு ரெடி. பக்கத்துல உக்காந்திருந்த சித்திதான் பெஸ்ட் ப்ராம்ப்ட் எல்லாம் குடுத்தாங்க. "எழுத்து பெருசா வேணும், மாமிக்கு கண்ணு தெரியாது." "கேன்சல்னு போடாத, ஏதோ மொத்தமா நிறுத்திட்ட மாதிரி இருக்கு. நாளைக்கு வேண்டாம்னு போடு." இந்த மாதிரி விஷயம் எந்த ஏஐக்கும் தானா தோணாது. வேலை தெரிஞ்சவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கட்டினா ஆப் தானா நல்லா வரும். இது நான் கத்துக்கிட்ட முதல் விஷயம்.

அப்புறம் சித்தி நோட்டைத் திறந்தாங்க. அதுல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல குறிப்பு இருந்துச்சு. நான் ஆப்லயும் 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் சேர்த்தேன். அவங்க படிக்கப் படிக்க நான் டைப் பண்ணேன்.

"மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல."

"சாருக்கு சுகர், சாதம் குறைச்சு."

"அம்மா தனியா இருக்காங்க. காது கேக்காது. சாவி மீட்டர் பாக்ஸ்ல இருக்கு, திறந்து டேபிள் மேல வெச்சிடணும்."

டைப் பண்ணும்போது எனக்கு ஒண்ணுமே தோணல. சத்தியமா.

புதன்கிழமை

ஞாயித்துக்கிழமை லிங்க்கை க்ரூப்ல போட்டோம். திங்கட்கிழமை 40 பேர் அதுலயே பட்டன் அமுக்கிட்டாங்க. ஒரு சாப்பாடு கூட மிச்சமாகல. நான் காத்துல மிதந்துட்டு இருந்தேன்.

புதன்கிழமை ஆபீஸ்ல லஞ்ச் டைம். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இருக்கான், பேக்எண்ட்ல வேலை பாக்குறவன். அவன்கிட்ட பெருமை அடிச்சிட்டு இருந்தேன். "லிங்க் குடு"ன்னான். லேப்டாப்ல திறந்தான். லாகின் பக்கம் வந்துச்சு. அவன் லாகின் பண்ணல. எஃப்12 அமுக்கினான், ஏதோ நெட்வொர்க் டேப்னு போனான், ஒரு லைனை காப்பி பண்ணி வேற எங்கயோ ஒட்டினான். நான் தயிர் சாதம் சாப்பிட்டு முடிக்கல. திரும்பி என்கிட்ட கேட்டான்:

"இது யாரு? சாவி மீட்டர் பாக்ஸ்லன்னு போட்டிருக்கே?"

60 பேரோட பேர், ஃபோன் நம்பர், வீட்டு அட்ரஸ், குறிப்பு, எல்லாம் அவன் ஸ்க்ரீன்ல இருந்துச்சு. அவன்கிட்ட பாஸ்வேர்டும் இல்ல, அக்கவுன்ட்டும் இல்ல. என் லிங்க் மட்டும்தான் இருந்துச்சு. அதே லிங்க் அந்நேரம் 60 பேர் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் க்ரூப்ல கிடந்துச்சு.

லாகின் வெச்சும் எப்படி?

இதுதான் இந்த எபிசோடோட முக்கியமான இடம். மெதுவா சொல்றேன்.

இப்படிக் கட்டுற ஆப்ல பொதுவா ரெண்டு பாகம் இருக்கும். ஒண்ணு, நீங்க பார்க்கிற ஸ்க்ரீன். அந்தக் கோடு முழுக்க உங்க லிங்க்கைத் திறக்கிறவங்க பிரவுசருக்கு டவுன்லோட் ஆகும். அவங்க மெஷின்ல, அவங்க கையில. ரெண்டாவது, டேட்டாபேஸ். அது வேற எங்கயோ ஒரு சர்வர்ல இருக்கும். நிறைய பில்டர் இதுக்கு சூப்பாபேஸ் மாதிரி ஒரு சர்வீஸைத்தான் இணைச்சுக் குடுக்கும்.

ஸ்க்ரீன் டேட்டாபேஸ்கிட்ட பேசணும்னா ஒரு கீ வேணும். அந்த கீயும் பிரவுசர்லதான் இருக்கும். "ஐயோ, கீ வெளிய தெரியுதே"ன்னு பதறாதீங்க, அது அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. அந்த கீ உங்களை டேட்டாபேஸ் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போகும், அவ்வளவுதான். உள்ள யார் எந்த வரியைப் பார்க்கலாம்னு முடிவு பண்ண வேண்டியது டேட்டாபேஸ். அதுக்குப் பேர் 'ரோ லெவல் செக்யூரிட்டி'. அதாவது வரிக்கு வரி காவல்.

நான் அதை ஆன் பண்ணவே இல்ல. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. நான் "லாகின் வேணும்"னு கேட்டேன், ஏஐ ஒரு லாகின் பக்கத்தை வரைஞ்சு குடுத்துச்சு. லாகின் பண்ணலைன்னா லிஸ்ட்டை ஸ்க்ரீன்ல காட்டாது. ஆனா ஸ்க்ரீனை ஓரமா வெச்சுட்டு டேட்டாபேஸ்கிட்ட நேராப் போய்க் கேட்டா, எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துடும். வாசல்ல அழகா கோலம் போட்டுட்டேன், கதவு வைக்க மறந்துட்டேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்ல. 2025 மே மாசம் பெரிசா பேசப்பட்ட ஒரு செக்யூரிட்டி ரிப்போர்ட் இருக்கு. லவபிள்ல கட்டின 1645 ஆப்களை ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்காங்க. அதுல 170 ஆப்ல யூசர்களோட தகவல் வெளியாள் எடுக்கிற மாதிரி திறந்து கிடந்துச்சு. காரணம் இதே வரிக் காவல்தான். ஒண்ணு இல்லவே இல்ல, இல்லைன்னா தப்பா எழுதியிருந்துச்சு. பத்து ஆப்ல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க.

நான் சரி பண்ணேன். சரியாகல.

உடனே ஆப்பை அன்பப்ளிஷ் பண்ணப் போனேன். ஃப்ரெண்ட் கையைப் பிடிச்சான். "ஸ்க்ரீனை எடுத்துட்டா மட்டும் டேட்டாபேஸ் மூடாது. கீ ஏற்கனவே வெளிய போயாச்சு. முதல்ல அந்தக் குறிப்பெல்லாம் அழி." சரின்னு 'குறிப்பு' கட்டத்தை மொத்தமா காலி பண்ணேன். ஒரிஜினல் சித்தி நோட்டுல பத்திரமா இருந்துச்சு, பொழைச்சேன். அப்புறம்தான் ஆப்பை எடுத்தேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்து சாட்ல டைப் பண்ணேன்: "ரோ லெவல் செக்யூரிட்டி ஆன் பண்ணு." பண்ணிடுச்சு. ஆப்பைத் திறந்தா எல்லாமே காலி! ஒரு ஆர்டர் கூடத் தெரியல. எரர் கூட வரல. இது ஏன்னா, காவலை மட்டும் போட்டுட்டு யாரை உள்ள விடணும்னு சொல்லலைன்னா அது யாரையுமே விடாது. அது சரியான நடத்தைதான். ஆனா அது எனக்கு அப்பத் தெரியல.

அதனால எல்லாரும் பண்றதையே நானும் பண்ணேன். "ஆர்டர் எதுவும் தெரியல, சரி பண்ணு"ன்னு அடிச்சேன். சில செகண்ட்ல சரியாச்சு. எல்லா ஆர்டரும் திரும்ப வந்துச்சு. செக்யூரிட்டி செக் ஓட்டினேன், பச்சை டிக். நிம்மதியா தூங்கிட்டேன்.

காலையில ஃப்ரெண்ட் மறுபடியும் அதே எஃப்12. மறுபடியும் 60 பேர்.

என்ன நடந்துச்சுன்னா, ஏஐ ஒரு விதி எழுதியிருந்துச்சு. "இந்த வரியை இவர் படிக்கலாமா?"ன்னு கேட்டா, பதில் எப்பவுமே 'ட்ரூ'. யார் வந்து கேட்டாலும் ஆமா. காவல் இருக்கு, ஆனா காவலர் எல்லாருக்கும் சல்யூட் அடிச்சு உள்ள அனுப்பறார். செக்யூரிட்டி செக் பார்த்தது விதி இருக்கான்னு மட்டும்தான். அந்த விதி என்ன சொல்லுதுன்னு பார்க்கல.

யோசிச்சுப் பார்த்தா ஏஐ மேல கோபப்படவும் முடியல. "ஆர்டர் தெரியணும்"னு நான் கேட்டேன், தெரிய வெச்சுது. *யாருக்கு* தெரியணும்னு நான் ஒரு தடவை கூட சொல்லல. அது என் சித்தி வீட்டு ஆளும் இல்ல. மீட்டர் பாக்ஸ்ல சாவி இருக்கிறதும் சாதம் குறைக்கிறதும் அதுக்கு ஒண்ணுதான், ரெண்டும் எழுத்து.

பேப்பர்ல நாலு வரி

அடுத்த தடவை சாட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதினேன். தமிழ்லயே.

ஒண்ணு: லாகின் பண்ணாதவங்க எதையும் பார்க்கக் கூடாது.

ரெண்டு: கஸ்டமர் தன்னோட ஆர்டரை மட்டும் பார்க்கலாம், மாத்தலாம். அடுத்தவங்க பேரு கூடத் தெரியக் கூடாது.

மூணு: டெலிவரி தம்பிங்க இன்னிக்கு சாப்பாடு வேணும்னு சொன்னவங்களோட பேர், அட்ரஸ், ஃபோன் மட்டும் பார்க்கலாம். எதையும் மாத்த முடியாது.

நாலு: சித்தி எல்லாத்தையும் பார்க்கலாம், மாத்தலாம்.

இந்த நாலையும் அப்படியே சாட்ல குடுத்தேன். "ஒவ்வொண்ணுக்கும் டேட்டாபேஸ்லயே விதி எழுது, ஸ்க்ரீன்ல ஒளிச்சு வைக்கிறது வேண்டாம். எழுதின ஒவ்வொரு விதிக்கும் எளிய தமிழ்ல விளக்கம் குடு"ன்னு கேட்டேன். விளக்கத்தைப் படிச்சேன். நாலு வரியோட பொருந்துச்சு. வயசான சிலருக்கு லாகின் எல்லாம் முடியாது, அவங்களுக்கு சித்தியே போட்டுடுவாங்கன்னு முடிவு பண்ணோம்.

அப்புறம் சோதனை. ரெண்டு பொய் கஸ்டமர் அக்கவுன்ட் உருவாக்கினேன். ஒண்ணுல உள்ள போய் இன்னொருத்தரோட ஆர்டரைப் பார்க்க ட்ரை பண்ணேன். வரல. லாகின் இல்லாம கேட்டேன். வரல. கடைசியா ஃப்ரெண்ட்கிட்ட குடுத்தேன். எஃப்12 அமுக்கிட்டு ரொம்ப நேரம் நோண்டினான். "சரி, பில் நீ குடு"ன்னான்.

சித்திகிட்ட சொன்னது

கோடு சரி பண்றதைவிட கஷ்டமான வேலை ஒண்ணு பாக்கி இருந்துச்சு. புதன்கிழமை சாயங்காலமே சித்திக்கு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் கேட்டாங்க:

"ஏண்டி, அந்த நோட்டு என் சமையல்கட்டுலதானே இருந்துச்சு?"

என்கிட்ட பதில் இல்ல.

அவங்க உடனே அந்தம்மா வீட்டுக்கு நேர்ல போனாங்க. காது கேக்காதே, ஃபோன்ல சொல்ல முடியாது. அன்னிக்கே சாவி வைக்கிற இடத்தை மாத்திட்டாங்க. மத்தவங்களுக்கு க்ரூப்ல ஒரு மெசேஜ் போட்டோம், மூணு நாள் உங்க நம்பரும் அட்ரஸும் திறந்து இருந்துச்சு, இப்ப மூடியாச்சு, மன்னிச்சிடுங்கன்னு. ரெண்டு பேர் கோவப்பட்டாங்க. ஒருத்தர் சாப்பாட்டையே நிறுத்திட்டார். அது நியாயம்தான். அந்த மூணு நாள்ல என் ஃப்ரெண்டைத் தவிர வேற யாராவது பார்த்தாங்களான்னு இன்னி வரைக்கும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அதுதான் இதுல ரொம்ப உறுத்துற விஷயம்.

நீங்க கட்டுறதுக்கு முன்னாடி

பயமுறுத்த இதைச் சொல்லல. கட்டுங்க. ஆனா இதையும் சேர்த்துப் பண்ணுங்க.

முதல்ல, அந்த நாலு வரி. யார், எதை, பார்க்கலாம், மாத்தலாம். ஆப்போட கலர் என்னன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி எழுதுங்க. எழுத முடியலைன்னா உங்களுக்கே இன்னும் ஆப் என்னன்னு தெரியலைன்னு அர்த்தம்.

ரெண்டாவது, அடுத்தவங்க தகவலை உள்ள போடறதுக்கு முன்னாடி பொய் டேட்டாவை வெச்சு சோதிங்க. இன்காக்னிட்டோ விண்டோல திறங்க. ரெண்டு அக்கவுன்ட் வெச்சு ஒண்ணுல இருந்து இன்னொண்ணை எட்டிப் பாருங்க. தெரிஞ்ச டெவலப்பர் யாராவது இருந்தா ஒரு காபி வாங்கிக் குடுத்து உடைக்கச் சொல்லுங்க.

மூணாவது, ரகசியமான கீ, அதாவது பேமென்ட் சர்வீஸோடதோ ஏஐ சர்வீஸோடதோ, அது ஸ்க்ரீன் பக்கக் கோட்ல இருக்கக் கூடாது. சர்வர்லதான் இருக்கணும். அதே மாதிரி விலையையும் சர்வர்ல கணக்கு போடணும். பிரவுசர் அனுப்புற தொகையை நம்பினா, 80 ரூபா சாப்பாட்டை ஒருத்தர் 1 ரூபாய்க்கு வாங்கிட்டுப் போயிடலாம்.

நாலாவது, "சரி பண்ணு"ன்னு மட்டும் அடிக்காதீங்க. அது க்ரெடிட்டையும் தின்னும், ஒண்ணை சரி பண்ணி இன்னொண்ணைக் கெடுக்கும். "என்ன காரணம்னு முதல்ல சொல்லு, எதையும் மாத்தாத"ன்னு கேளுங்க. படிச்சுட்டு அப்புறம் மாத்தச் சொல்லுங்க.

அஞ்சாவது, பேக்கப். 2025 ஜூலையில அமெரிக்காவில ஜேசன் லெம்கின்னு ஒரு முதலீட்டாளர் ரெப்லிட்ல கட்டிட்டு இருந்தார். எதையும் மாத்தாதேன்னு சொல்லியிருந்தும் ஏஐ ஏஜென்ட் அவரோட லைவ் டேட்டாபேஸை அழிச்சுடுச்சு. திரும்ப எடுக்க முடியாதுன்னு வேற சொல்லுச்சு. கடைசியில எடுக்க முடிஞ்சுது. ரெப்லிட் சிஇஓ வெளிப்படையா வருத்தம் தெரிவிச்சு, சோதனை டேட்டாபேஸையும் லைவ் டேட்டாபேஸையும் தனித்தனியா பிரிச்சாங்க. நீங்களும் அதே மாதிரி பிரிச்சு வைங்க, அப்பப்போ ஒரு காப்பி எடுத்து வைங்க.

கடைசியா, எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்சது. இந்தத் தகவல் ஆப்ல இருந்தே ஆகணுமான்னு கேளுங்க. எத்தனை சாப்பாடுன்னு எண்ணறதுக்கு அந்தம்மாவோட சாவி எதுக்கு? நம்ம நாட்டுல 2023ல போட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் கேக்குது. எதுக்குத் தேவையோ அதை மட்டும் வாங்கு, வாங்கினதைப் பாதுகாத்து வை.

இப்ப ஆப் நல்லா ஓடிட்டு இருக்கு. சித்தி ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை திறந்து மொத்தம் எத்தனைன்னு பார்த்துட்டு அரிசியை அளந்து வெச்சிடறாங்க. குறிப்பு மட்டும் பழைய நோட்டுக்கே போயிடுச்சு. காலையில டப்பா கட்டும்போது தம்பிங்ககிட்ட வாயால சொல்லிடுவாங்க. நோட்டு சமையல்கட்டு அலமாரியில, பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கு.

நீங்க ஏதாவது கட்டியிருந்தா எனக்கு அனுப்புங்க. லிங்க் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை எஃப்12 அமுக்கிப் பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். டாட்டா!